பல்லைக் காப்பாற்றி கேப் போடுவதா, எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வைப்பதா?

பல் பாதி உடைந்த நிலையில் போனால் பல் மருத்துவர் பெரும்பாலும் இரண்டு வழிகளைச் சொல்வார். ஒன்று, இருக்கிற பல்லுக்கு கேப் போடுவது. இன்னொன்று, பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வைப்பது. கேட்பவர் உடனே "இதில் எது நல்லது?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடையாது, ஏனென்றால் இரண்டும் செய்யும் வேலை வேறு. கேப் என்பது ஈறுக்கு மேலே தெரியும் பாகத்தை மூடும் கவசம். அதைத் தாங்குவது உங்கள் சொந்த வேர். இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் திருகி வைக்கும் டைட்டானியத் திருகு. அது இல்லாமற்போன வேருக்கு மாற்று. அதன் மேலும் கடைசியில் ஒரு கேப்தான் வரும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வேர் இன்னும் பல வருடங்களுக்குச் சுமை தாங்குமா? தாங்கும் என்றால் பல்லை எடுக்கக் காரணமே இல்லை. தாங்காது என்றால் அதன் மேல் எவ்வளவு நல்ல கேப் போட்டாலும் வீண்.

சொந்த வேரை இந்த அளவுக்கு வலியுறுத்தக் காரணம் உண்டு. வேரைச் சுற்றி மெல்லிய நார்த்திசு ஒன்று இருக்கிறது. கடிக்கும் வேகத்தை அது உள்வாங்கும், பல்லுக்கு அடியில் சிறு கல் வந்தாலும் உடனே உணர்த்தும், கிருமிகளை எதிர்க்க ரத்தத்தையும் கொண்டுவரும். இம்ப்ளாண்ட் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொள்வதால் இந்த நார் அதற்குக் கிடையாது. எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கிறோம் என்பதே அங்கே மங்கலாகத்தான் தெரியும். அதனால்தான் இம்ப்ளாண்ட் மேல் போட்ட பீங்கான் அடிக்கடி சில்லு பெயர்கிறது, திருகு தளர்கிறது.

படி 1: பல் தேறுமா என்று பார்ப்பது

இந்த முடிவை எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து எடுக்கக் கூடாது. எக்ஸ்ரே தட்டையான படம். கன்னப் பக்கச் சுவரும் நாக்குப் பக்கச் சுவரும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், எது நிற்கிறது, எது போய்விட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பழைய அடைப்பையும் சொத்தையையும் முழுவதும் சுரண்டி எடுத்த பிறகு மிஞ்சுவதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எனவே "முதலில் சுத்தம் செய்து பார்ப்போம், பிறகு முடிவெடுப்போம்" என்று சொல்லும் மருத்துவர் காலம் கடத்துவதில்லை, சரியாகச் செய்கிறார். சுத்தம் செய்ததும் வாய்க்குள் எடுக்கும் கேமரா படத்தை உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள்.

அந்தப் படத்தில் பார்க்க வேண்டியது, ஈறு விளிம்புக்கு மேலே பல்லைச் சுற்றி நிற்கும் உறுதியான சுவர். அதன் உயரம் 2 மில்லிமீட்டர், தடிமன் குறைந்தது 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பல் மருத்துவர்கள் இதை ஃபெரூல் என்பார்கள். பீப்பாயைச் சுற்றிய இரும்பு வளையம் பலகைகளைப் பிடித்து நிறுத்துவது போல, கேப்பின் விளிம்பு இந்தச் சுவரைச் சுற்றிப் பிடித்து வேர் பிளக்காமல் காக்கிறது. சுவர் இல்லாத இடத்தில் வேருக்குள் போஸ்ட் என்ற ஊசியை இறக்கி, அதன் மேல் கட்டி, கேப் போடுவதுண்டு. ஒவ்வொரு கடிக்கும் அந்த ஊசி ஆப்பு மாதிரி வேலை செய்யும். அப்போது கேப் ஊசியோடு கழன்று வரும், அல்லது வேர் நீளவாக்கில் பிளக்கும். நான்கு பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் சுவர் குறைவாக இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் இல்லையென்றால் யோசிக்க வேண்டும். சுற்றிலும் ஈறு மட்டத்துக்கு உடைந்திருந்தால் அப்படியே கேப் போடுவது சரியல்ல.

போஸ்ட் பல்லை வலுப்படுத்துகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. கேப்புக்கு அடித்தளமாகக் கட்டும் பொருளுக்குப் பிடிமானம் தருவது மட்டுமே அதன் வேலை. அதற்காக வேரை உள்ளே குடைவது வேரை மெலியத்தான் வைக்கும்.

அடுத்தது விரிசல். கடிக்கும்போது அல்ல, கடித்த வாயைத் திறக்கும்போது சுருக்கென்று குத்தினால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். விரிசல் மேல் பாகத்தோடு நின்றுவிட்டால் கேப் போட்டு இறுக்கிப் பல்லைக் காப்பாற்றலாம். வேர் முழுக்க ஓடியிருந்தால் முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் வழி எளியது. ஈறு அளக்கும் கம்பியால் பல்லைச் சுற்றி அளக்கும்போது எல்லா இடத்திலும் 2, 3 மில்லிமீட்டர் வந்து, ஒரே ஒரு இடத்தில் மட்டும் கம்பி திடீரென்று 8 மில்லிமீட்டருக்கு இறங்கினால், அந்த இடத்தில் வேர் பிளந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ரூட் கெனால் (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைக்கும் வேர் சிகிச்சை) செய்த பல்லில் ஈறின் மேல் அடிக்கடி சீழ்க்கொப்புளம் வந்து போவதும் இதன் அறிகுறியாக இருக்கலாம். ஆனால் ரூட் கெனால் சரியாக அமையாவிட்டாலும் கொப்புளம் வரும். அதைத் திரும்பச் செய்தால் பல் பிழைக்கும். எனவே கொப்புளத்தை மட்டும் பார்த்துப் பல்லைக் கைவிடக் கூடாது.

கடைசியாக, எலும்பும் ஆட்டமும். எலும்புக்குள் புதைந்திருக்கும் வேரின் நீளம், வெளியே வரப்போகும் பாகத்தின் நீளத்துக்குக் குறைந்தபட்சம் சமமாகவாவது இருக்க வேண்டும். பல் பக்கவாட்டில் லேசாக ஆடுவது ஈறு சிகிச்சையால் குறையக்கூடும். அழுத்தினால் மேலும் கீழும் போய்வரும் பல் தேறாது.

பல்லை எடுக்கும் முன் கேட்க வேண்டிய நடுவழிகள்

சுவர் உயரம் போதவில்லை என்பதற்காகவே பல்லை எடுக்கச் சொன்னால், இரண்டு வழிகளைப் பற்றிக் கேளுங்கள். ஒன்று, ஈறையும் அதன் கீழ் எலும்பையும் கொஞ்சம் குறைத்து, புதைந்த பல்லை வெளிக்காட்டும் சிறு அறுவை சிகிச்சை. கேப்பின் விளிம்புக்கும் எலும்பு மேட்டுக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. அதை விடாமல் ஈறுக்கு அடியில் ஆழமாகக் கேப் விளிம்பை இறக்கினால் ஈறு எப்போதும் சிவந்து, ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, கிளிப் கட்டி வேரைச் சில வாரங்களில் மெதுவாக வெளியே இழுப்பது. முன்பல்லுக்கு இதுவே நல்லது, ஏனென்றால் பக்கத்துப் பல்லின் ஈறு மட்டம் கெடாது. இரண்டு வழிக்கும் வேர் போதுமான நீளம் இருக்க வேண்டும். குட்டை வேரை மேலும் வெளியே இழுத்தால் உள்ளே பிடிமானம் மிஞ்சாது.

படி 2: உடம்பு இம்ப்ளாண்டுக்கு ஒத்துவருமா

பல் தேறாது என்று உறுதியான பிறகே இந்தப் படிக்கு வர வேண்டும். சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுபோங்கள், மறந்துபோன ஊசிகளையும் சேர்த்து. குறிப்பாக எலும்புத் தேய்மானத்துக்கோ, எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ தரும் பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் மருந்துகள். இவை தாடை எலும்பு ஆறும் வேகத்தைக் கெடுத்து, சிலருக்கு எலும்பு செத்து வெளியே தெரியும் நிலைக்குக் கொண்டுபோகும். புற்றுநோய்க்காக ஊசி வழியாகப் பெரிய அளவில் எடுப்பவர்களுக்கு அபாயம் மிக அதிகம், மாத்திரையாக எடுப்பவர்களுக்குக் குறைவு. கவனிக்க வேண்டியது, பல் பிடுங்குவதே இவர்களுக்கு ஆபத்து. மேல் பாகம் போனாலும் வேரைச் சுத்தம் செய்து மூடி உள்ளேயே விட்டுவைப்பது சில சமயம் இவர்களுக்கு நல்லது. தாடைப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சர்க்கரை நோய் இருந்தாலே இம்ப்ளாண்ட் கூடாது என்பதில்லை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான் பிரச்சினை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8-க்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டு வருவதே நல்லது. புகை பிடிப்பவர்களுக்கு இம்ப்ளாண்ட் எலும்போடு ஒட்டாமற்போவதும், ஒட்டிய பின் சுற்றிலும் எலும்பு கரைவதும் கூடுதல். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது.

வளரும் வயதினருக்கு இம்ப்ளாண்ட் கூடவே கூடாது. பக்கத்துப் பற்கள் தாடை வளர்ச்சியோடு நகரும், இம்ப்ளாண்ட் வைத்த இடத்திலேயே நின்றுவிடும். சில ஆண்டுகளில் அந்தப் பல் மட்டும் குட்டையாகிவிடும். வளர்ச்சி முடியும்வரை கழற்றி மாட்டும் பல்லோ, பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் மெல்லிய பிரிட்ஜோ (பக்கத்துப் பல்லைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) போதும்.

படி 3: இடமும் எலும்பும் அளப்பது

இதற்கு சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். முழுத்தாடை எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் ஓரளவு தெரியும், அகலம் தெரியாது. அறிக்கையை வாங்கிக்கொண்டு இந்த அளவுகளைக் கேளுங்கள். இம்ப்ளாண்டுக்கும் பக்கத்துப் பல் வேருக்கும் இடையே குறைந்தது 1.5 மில்லிமீட்டர். இரண்டு இம்ப்ளாண்டுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர். கீழ்த்தாடையில் ஓடும் நரம்புக்கு மேலே 2 மில்லிமீட்டர் இடைவெளி. 4 மில்லிமீட்டர் தடிமனான இம்ப்ளாண்ட் வைக்க, இரண்டு பற்களுக்கு நடுவே 7 மில்லிமீட்டர் வேண்டும் என்ற கணக்கு இதிலிருந்துதான் வருகிறது.

நரம்பு விஷயத்தில் சமரசம் வேண்டாம். அதில் கை பட்டால் கீழ் உதடும் தாடையும் மரத்துப்போய், சிலருக்குத் திரும்பாமலே போகலாம். இம்ப்ளாண்ட் வைத்த அன்று இரவு மரப்பு ஊசியின் வேகம் இறங்கிய பின்னும் உதடு மரத்தே இருந்தால், மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மேல் கடைவாயில் பிரச்சினை வேறு. பல் போய் நாளாகிவிட்டால் அங்கே சைனஸ் அறை (மூக்கை ஒட்டிய காற்றறை) கீழே இறங்கி, எலும்பின் உயரம் சில மில்லிமீட்டர்தான் மிஞ்சும். சைனஸ் சவ்வை மேலே தூக்கி எலும்புத் துகள் நிரப்ப வேண்டிவந்தால், மொத்தக் காலத்தில் ஆறு மாதம் வரை கூடும். பல்லை எடுத்த முதல் சில மாதங்களில்தான் எலும்பின் அகலம் வேகமாகக் குறைகிறது. அதனால் இம்ப்ளாண்ட் வைப்பதாக இருந்தால், பல்லை எடுக்கும் நாளுக்கு முன்பே திட்டத்தைப் பேசிவிடுங்கள். எடுத்த குழியில் எலும்புத் துகள் வைத்து மூடுவதா, அன்றே இம்ப்ளாண்டை இறக்குவதா என்பதெல்லாம் அன்றைக்கு முன் தீர்மானிக்க வேண்டியவை.

கேப் போடும் வழியில் என்னென்ன நடக்கும்

வழக்கமாக இரண்டு முறை போக வேண்டும், நடுவே ஒரு வாரம் பத்து நாள். முதல் முறை பல்லைச் சுற்றிலும் ராவி, அளவெடுத்து, தற்காலிக கேப் ஒட்டுவார்கள். கடிக்கும் பரப்பில் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை போகும். கேப் எந்தப் பொருள் என்பதைப் பொறுத்து இது மாறும். முழு உலோகத்துக்கு மிகக் குறைவாக ராவினால் போதும், பார்வைக்குத் தெரியாத கடைசிப் பல்லுக்கு அது இன்றும் நல்ல தேர்வு. கடைவாய்க்குப் பல் நிறத்தில் வேண்டுமென்றால் ஸிர்கோனியா என்ற உறுதியான பீங்கான். முன்பல்லுக்கு ஒளி ஊடுருவும் தன்மையுள்ள லித்தியம் டைசிலிகேட் என்ற பீங்கான் இயற்கையாகத் தெரியும். உலோகத்தின் மேல் பீங்கான் ஒட்டிய வகையில் பீங்கான் பெயர்வதும், காலப்போக்கில் ஈறோரம் சாம்பல் கோடு தெரிவதும் உண்டு.

கேப் போட வேண்டும் என்பதற்காகவே உயிருள்ள, வலியில்லாத பல்லுக்கு ரூட் கெனால் செய்யத் தேவையில்லை. யாராவது அப்படிச் சொன்னால் காரணம் கேளுங்கள். ஆனால் கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் முடிந்த பிறகு கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே குடைந்த பல், கேப் இல்லாமல் நாள்கணக்கில் மென்றால் பிளக்கக்கூடும். வேர் சிகிச்சை நன்றாக முடிந்தும் பறிபோகும் பற்களில் பல இப்படித்தான் போகின்றன.

நிரந்தர சிமெண்ட் போடும் முன்னால் கேப்பை வெறுமனே வைத்துப் பார்க்கும் சில நிமிடங்கள்தான் முக்கியமானவை, அவசரப்பட வேண்டாம். பல்லிடுக்கு நூல் இரண்டு பக்கமும் "டக்" என்று இறங்க வேண்டும். சுலபமாக வழுக்கிப் போனால் சாப்பாடு சிக்கும், நூல் கிழிந்தால் விளிம்பில் படி இருக்கிறது. வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் தட்டக் கூடாது. மரத்துப்போன வாயில் இதைச் சரியாகச் சொல்ல முடியாது. இரண்டு நாள் கழித்து உயரமாகத் தெரிந்தால் திரும்பப் போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள், "பழகிவிடும்" என்று விட்டால் பல் வலிக்க ஆரம்பிக்கும்.

இம்ப்ளாண்ட் வழியில் என்னென்ன நடக்கும்

இதற்குப் பொறுமை வேண்டும். பல்லை எடுத்துக் குழி ஆற மூன்று நான்கு மாதம், இம்ப்ளாண்ட் வைத்து எலும்போடு ஒட்ட இன்னும் மூன்று முதல் ஆறு மாதம். மேல்தாடை எலும்பு மென்மையானது, அதனால் அங்கே கூடுதல் காலம் விடுவார்கள். டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த பிரானெமார்க் 1950-களில் கவனித்தார். 1965-ல் மனிதருக்கு முதன்முதலில் வைத்தார். இன்றும் எல்லாம் அந்த ஒட்டுதலை நம்பித்தான்.

வைக்கும் அன்று மரப்பு ஊசி போதும், ஒரு இம்ப்ளாண்டுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். சிறிய துளைக்கருவியில் தொடங்கி, படிப்படியாகப் பெரியதாக மாற்றித் துளையிடுவார்கள். கூடவே உப்புநீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அந்த இடம் செத்துவிடும். செத்த எலும்போடு எதுவும் ஒட்டாது. மழுங்கிய கருவியும் அவசரமும் சரியாக ஒட்டாத இம்ப்ளாண்டுக்கு ஒரு காரணம்.

அன்றே பல் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். இம்ப்ளாண்ட் எலும்பில் சுமார் 35 நியூட்டன் சென்டிமீட்டர் இறுக்கத்துடன் பிடித்தால், முன்பல்லுக்குத் தற்காலிகப் பல் வைக்கலாம், அதுவும் எதிர்ப்பல்லோடு இடிக்காதபடி. பார்வைக்காக மட்டும், கடிப்பதற்கு அல்ல. ஒட்டும் காலத்தில் இம்ப்ளாண்ட் நுண்ணளவில் அசைந்தாலும் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும்.

ஒட்டிய பின் இணைப்புத் துண்டைத் திருகி, மேலே கேப் வைப்பார்கள். கேப்பைத் திருகால் பூட்டலாம், அல்லது சிமெண்டால் ஒட்டலாம். முடிந்த இடத்திலெல்லாம் திருகு வகையைக் கேளுங்கள். திருகு தளர்ந்தால் மேலே உள்ள அடைப்பைத் திறந்து இறுக்கிவிடலாம். ஒட்டும் வகையில் சிமெண்ட் பிசிறு ஈறுக்கு அடியில் தங்கிவிட்டால், கண்ணுக்குத் தெரியாமலே எலும்பை அரிக்கும்.

பிரிட்ஜைக் கணக்கில் சேர்க்க வேண்டிய சமயம்

போன பல்லுக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களுக்கு ஏற்கெனவே பெரிய அடைப்போ பழைய கேப்போ இருந்தால், மூன்றையும் சேர்த்துப் பிரிட்ஜ் போடுவது நியாயமான வழி. அறுவை சிகிச்சை இல்லை, சில வாரங்களில் முடிந்துவிடும். பக்கத்துப் பற்கள் புத்தம் புதிதாக, ஒரு சொத்தைகூட இல்லாமல் இருந்தால், ஒரு பல்லுக்காக அவை இரண்டையும் ராவுவதற்கு மனசு வரக் கூடாது. அங்கே இம்ப்ளாண்ட்தான்.

எது எப்படிக் கெடும்

கேப் போட்ட பல் பெரும்பாலும் விளிம்பில்தான் கெடும். கேப்புக்குச் சொத்தை வராது, அது முடியும் இடத்தில் பல்லுக்கு வரும். அந்தக் கோட்டை ஒவ்வொரு இரவும் பிரஷ்ஷும் நூலும் தொட வேண்டும். கேப் கழன்று விழுந்தால் பத்திரமாக எடுத்துவையுங்கள், கடைப் பசையால் ஒட்டாதீர்கள், இரண்டொரு நாளில் போய்க் காட்டுங்கள். உயிருள்ள பல்லுக்குப் போட்ட கேப்புக்குள் சில ஆண்டுகள் கழித்து நரம்பு செத்துவிடுவதும் உண்டு. அப்போது கேப்பில் துளையிட்டே ரூட் கெனால் செய்யலாம்.

இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுகும். முதல் அறிகுறி பல் துலக்கும்போது வரும் ரத்தம். வலி இருக்காது, அதுதான் இதன் ஆபத்து. ஆட ஆரம்பித்த பிறகு வந்தால் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் ஆடுவது இம்ப்ளாண்டா, மேலே உள்ள கேப் மட்டுமா என்பதை மருத்துவரால் சொல்ல முடியும். கேப் மட்டும் ஆடினால் திருகு தளர்ந்திருக்கிறது. அதே நாளில் அந்தப் பக்கம் மெல்லுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் திருகு உள்ளேயே முறியும். முன்பு ஈறு நோயால் பற்களை இழந்தவர்களுக்கு இம்ப்ளாண்டைச் சுற்றியும் அதே நோய் வர வாய்ப்பு அதிகம். மிச்சமுள்ள பற்களின் ஈறை முதலில் குணப்படுத்தாமல் இம்ப்ளாண்ட் வைப்பது தவறான வரிசை. இரவில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் எந்த வழியைத் தேர்ந்தாலும் இரவுக் காப்புத் தட்டு ஒன்று செய்து போட்டுக்கொள்ளுங்கள்.

இம்ப்ளாண்ட் வைத்தவுடன் அதன் நிறுவனம், வகை, தடிமன், நீளம், தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் பெட்டியில் வரும். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, கடைசி எக்ஸ்ரேயோடு சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் திருகும் அதைத் திருப்பும் கருவியும் வேறு. பத்து வருடம் கழித்து வேறு ஊரில் திருகு தளர்ந்தால், அந்தச் சிறு ஸ்டிக்கர் இல்லாமல் எந்தக் கருவியை எடுப்பது என்றே அங்குள்ள மருத்துவருக்குத் தெரியாது.